காகிதத்தில் வெட்டியதும் எழுத்தில் வெட்டுவதும்

எழுத்தைத் திருத்தினால் வீடியோ தானாகத் திருந்தும் என்பது செயற்கை நுண்ணறிவு கொண்டுவந்த புது வித்தை என்று மென்பொருள் விளம்பரங்கள் சொல்கின்றன. ஆவணப்பட எடிட்டர்கள் கேட்டால் சிரிப்பார்கள். நேர்காணலை முழுதாகத் தட்டச்சு செய்து, வேண்டிய வரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, வேறு தாளில் வரிசையாக ஒட்டி, அந்தத் தாளைப் பார்த்துப் படத்தை வெட்டுவது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வேலை. 'பேப்பர் எடிட்' என்று அதற்குப் பெயர். இன்று டிஸ்கிரிப்ட், பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்களில் நடப்பதும் அதே வேலைதான், கத்தரிக்கோல் இருந்த இடத்துக்கு பேக்ஸ்பேஸ் விசை வந்திருக்கிறது, அவ்வளவே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேகத்தைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று புலப்படுகிறது. பழைய முறையில் காகிதம் படத்துக்கான திட்டமாக மட்டும் இருந்தது. புதிய முறையில் எழுத்தே படமாகிவிட்டது.

காகித வேலை எப்படி நடந்தது? படப்பிடிப்பிலிருந்து வந்த ஃபுட்டேஜை ஒருவர் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டு எழுதுவார். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நான்கு மணி நேரம் ஆவது சாதாரணம். பேசுகிறவர் முணுமுணுக்கும் ஆசாமி என்றால் இன்னும் கூடும். தாளின் ஓரத்தில் டைம்கோட் என்னும் நேரக்குறி, நடுவில் பேச்சு, மறு ஓரத்தில் வெற்றிடம். எழுதுகிறவர் விவரமானவராக இருந்தால் அந்த வெற்றிடத்தில் 'குரல் கம்முகிறது', 'லாரிச் சத்தம்', 'பதில் சொல்லுமுன் ஜன்னலைப் பார்க்கிறார்' என்று குறித்து வைப்பார். பெரும்பாலும் இது அனுபவம் குறைந்த உதவியாளரின் தலையில் விழும் வேலை. ஆனால் படக்குழுவிலேயே அந்த நேர்காணலை அவரளவுக்குக் கேட்டவர் வேறு யாரும் இருக்க மாட்டார். இயக்குநர் தாள்களைப் படித்து, கோடிட்டு, வெட்டி ஒட்டி ஒரு வரிசையை உண்டாக்குவார். அது எடிட்டரிடம் போகும். அவர் டைம்கோடைப் பிடித்து அந்தந்தத் துண்டை எடுத்துச் சேர்த்துப் பார்ப்பார். சில நிற்கும், சில நிற்காது. தாளில் கம்பீரமாக இருந்த வாக்கியம் திரையில் தயங்கித் தயங்கி வரும். தாளில் சப்பென்றிருந்த ஒன்று முகத்தோடு பார்க்கும்போது ஆளை உலுக்கும். வரிசை மாறும். தாள் மறுபடி இயக்குநரிடம் போகும்.

அந்தச் 'சில நிற்காது' என்பதில்தான் பேப்பர் எடிட்டின் பயனே இருந்தது. தாள் சொன்னதைப் படம் மறுக்க ஒரு வாய்ப்பு இருந்தது.

எழுத்தின் பலத்தையும் அதன் எல்லையையும் ஒரே படத்தில் பார்க்கலாம். குளோத் லான்ஸ்மானின் 'ஷோவா' ஆவணப்படம் 1985இல் வெளிவந்தது. ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். நாஜிகள் நடத்திய யூத இன அழிப்பைப் பற்றியது, ஆனால் பழைய காலத்துக் காட்சி ஒன்றுகூட அதில் கிடையாது. பிழைத்தவர்கள், பக்கத்தில் வாழ்ந்தவர்கள், அந்த வேலையைச் செய்தவர்கள் பேசுகிறார்கள். படம் நிற்பது அந்தப் பேச்சில்தான். ஸிவா போஸ்டெக் என்ற எடிட்டர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து வெட்டினார். படத்தில் சேராத பகுதிகளை 1996இல் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் வாங்கியது: நேர்காணல் 185 மணி நேரம், இடங்களின் காட்சி 35 மணி நேரம். பேட்டிகளின் தட்டச்சுப் படிகளும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன. இத்தனை பேச்சை, அதுவும் பல மொழிகளில் வந்த பேச்சை, எழுத்தின் துணையில்லாமல் யாராலும் ஆண்டிருக்க முடியாது.

அதே படத்தில்தான் எழுத்து கைவிடும் இடமும் இருக்கிறது. ஆபிரகாம் போம்பா ட்ரெப்ளிங்கா முகாமில் முடிதிருத்தக் கட்டாயப்படுத்தப்பட்டவர். நச்சுவாயு அறைக்குள் போகவிருந்த பெண்களின் கூந்தலை வெட்டியவர். லான்ஸ்மான் அவரை இஸ்ரேலில் ஒரு சலூனில் நிறுத்தி, ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டே பேசவைக்கிறார். தன் ஊரைச் சேர்ந்த இன்னொரு முடிதிருத்துநரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த கதையைத் தொடங்கியவுடன் போம்பாவின் பேச்சு நின்றுவிடுகிறது. வாய் அசைகிறது, சொல் வரவில்லை. முகத்தைத் துடைக்கிறார், நகர்கிறார், திரும்பி வருகிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. தொடர்ந்து சொல்லும்படி லான்ஸ்மான் விடாமல் கேட்கிறார். அப்படி ஒருவரை வற்புறுத்தலாமா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். எழுத்துப் படியில் அந்த இடத்தில் ஏறக்குறைய எதுவும் இருக்காது. படத்திலோ பார்த்தவர்கள் மறக்காத இடங்களில் ஒன்று அது.

இப்போது அதே ஃபுட்டேஜைப் புதிய கருவியில் போட்டதாக வைத்துக்கொள்வோம். பிரீமியர் புரோவின் எழுத்துப் பலகத்தில் அந்த மௌனம் அடைப்புக்குள் மூன்று புள்ளிகளாக நிற்கும். எல்லா இடைநிறுத்தங்களையும் ஒரே சொடுக்கில் நீக்கும் வசதியும் அருகிலேயே இருக்கும். டிஸ்கிரிப்டிலும் சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை மொத்தமாகச் சுருக்கலாம். கருவி கெட்டதல்ல. யூடியூபில் சமையல் குறிப்பு சொல்கிறவருக்கு அந்தச் சொடுக்கு ஒரு பிற்பகலையே மிச்சப்படுத்தித் தரும். ஆனால் எது வெறும் இடைவெளி, எது பேச்சு என்று எழுத்துக்குத் தெரியாது. தாளின் ஓரத்தில் குறிப்பெழுதிய அந்த உதவியாளருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தப் புதிய முறையும் ஒரே நாளில் முளைத்ததல்ல. 2002இலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'சில்வர்' என்ற ஆய்வுக் கருவி, எழுத்துப் படியிலிருந்தே வீடியோவை வெட்ட வழிசெய்தது. பின்னர் ஆவிட் நிறுவனத்தின் 'ஸ்கிரிப்ட்சிங்க்', தட்டச்சு செய்த வசனத்தை ஒலியோடு பொருத்தித் தந்தது. ஆனால் தட்டச்சு மனிதருடைய வேலையாகவே நீடித்தது. எழுத்தையும் இயந்திரமே உண்டாக்கி, அந்த எழுத்தையே எடிட் மேசையாக மாற்றிய பெயர் டிஸ்கிரிப்டுக்கு உரியது. குரூப்பான் நிறுவனத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ மேசன், அங்கிருந்து வெளியேறியபின் 'டீட்டூர்' என்ற பெயரில் ஊர் சுற்றிப் பார்ப்பவர்கள் காதில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஒலி வழிகாட்டிகளைத் தயாரித்தார். அவற்றை வெட்டுவதற்காகச் சொந்த உபயோகத்துக்குச் செய்த கருவிதான் 2017இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. அது ஒலிக்காகப் பிறந்த கருவி என்பதை மறக்கக்கூடாது. வானொலிப் பேச்சில் நடுவில் நான்கு சொற்களை எடுத்துவிட்டால் காதுக்குத் தெரியாமல் போகலாம். வீடியோவில் அதே நான்கு சொற்களை எடுத்தால் தலை ஓர் அங்குலம் குதிக்கும்.

2023இல் அடோபி தன் பிரீமியர் புரோவிலும் பிளாக்மேஜிக் தன் டாவின்சி ரிசால்விலும் எழுத்துவழித் தொகுப்பைச் சேர்த்தன. மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் குணம் வேறு. டிஸ்கிரிப்டில் எழுத்து ஆவணமே எஜமானன், படத்துண்டுகள் வரிசையாக நிற்கும் டைம்லைன் கீழே அடங்கிக் கிடக்கும். பிரீமியரிலும் ரிசால்விலும் எழுத்து ஒரு பக்க ஜன்னல். ஒரு வரியை அழித்தவுடன் டைம்லைனில் எந்த ஃபிரேமில் வெட்டு விழுந்தது, ஒலியின் அலைவடிவம் எங்கே அறுந்தது என்று கண்ணெதிரே காணலாம். பழகுவதற்கு முன்னது எளிது. ஆனாலும் என் ஓட்டு பின்னதற்குத்தான். தாள் சொன்னதைப் படம் மறுக்க அங்கே ஒரு சிறு இடமாவது மிஞ்சியிருக்கிறது.

தேடும் வேலையில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை, புதியது அடித்து நொறுக்கிவிடுகிறது. நாற்பது மணி நேர ஃபுட்டேஜில் ஒருவர் 'கிணறு' என்று சொன்ன இடங்களையெல்லாம் காண்பி என்றால் நொடியில் காட்டும். முன்பு அது உதவியாளரின் ஞாபகசக்தியை நம்பி நடந்தது. ரஃப் கட் எனப்படும் முதல் கரட்டுத் தொகுப்புக்கு ஆகும் காலமும் அப்படியே. நாள்கணக்கில் ஆனது மணிக்கணக்கில் முடிகிறது. பணமில்லாத சிறு குழுக்கள் நீண்ட நேர்காணல் எடுக்கத் துணிவதற்கு இது ஒரு காரணம். தட்டச்சுச் செலவுக்குப் பயந்து கைவிடப்பட்ட படங்கள் எத்தனையோ.

வெட்டும் வேலைக்கு வந்தால் கதை வேறு. பேச்சறிதல் மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் என்று இரண்டு முத்திரை குத்துகிறது. எழுத்தில் சொல்லை அழித்தால் அந்த இரண்டு முத்திரைகளுக்கு நடுவே உள்ள படமும் ஒலியும் போய்விடும். மனிதர்களோ முத்திரைக்கு ஏற்பப் பேசுவதில்லை. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைக்குள் புகுந்திருக்கும். தேர்ந்த எடிட்டர் சொல்லின் எல்லையில் வெட்ட மாட்டார். க, ப, த போன்ற வல்லொலிக்கு முன்னே காற்று அடைபடும் அந்தக் கணத்தைத் தேடுவார், அல்லது மூச்சு இழுக்கும் இடத்தில் வெட்டுவார். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லி நொடி. அதற்குள் ஒரு மூச்சின் நுனி அறுபட்டாலும் கேட்பவருக்கு என்னமோ இடிக்கும், என்ன என்று சொல்லத் தெரியாது. எழுத்துப் பக்கத்தில் இந்த வெட்டு காயமே இல்லாமல் ஆறிப்போயிருக்கும்.

எழுத்தால் பிடிக்கவே முடியாதது தொனி. 1974இல் வந்த பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' முழுக்க முழுக்க இதைப் பற்றிய படம் என்றே சொல்லலாம். ஒட்டுக்கேட்கும் தொழில் செய்யும் ஹாரி கால், ஓர் இளம் ஜோடியின் பேச்சைப் பதிவு செய்கிறான். அதிலுள்ள ஒரு வாக்கியம் அவனைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த ஜோடி கொல்லப்படப் போகிறது என்று அவன் முடிவுகட்டுகிறான். கடைசியில் அதே வாக்கியம் வேறொரு சொல்லில் அழுத்தம் விழுந்து ஒலிக்கும்போது, கொலைத் திட்டம் போட்டவர்களே அவர்கள்தான் என்று புரிகிறது. எடிட்டர் வால்டர் மெர்ச் அந்த இடத்தில் நடிகர் மாற்றி அழுத்திச் சொன்ன வேறொரு பதிவை வைத்தார். தாளில் எழுதினால் இரண்டு வாக்கியத்திலும் ஓர் எழுத்துகூட மாறாது. பேப்பர் எடிட் செய்தவரும் இந்தக் குழியில் விழக்கூடும்தான். ஆனால் அவர் தாளை எடுத்துக்கொண்டு படத்திடம் போயே ஆகவேண்டும். புதிய முறையில் போகவேண்டிய கட்டாயம் இல்லை; போகாமலேயே ஒரு ரஃப் கட் முடிந்து, வீடியோ கோப்பாகி, வாட்ஸ்அப்பில் தயாரிப்பாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

மௌனத்துக்கும் இயந்திரத்துக்கும் இன்னொரு பகை உண்டு. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட 'விஸ்பர்' பேச்சறிதல் மாதிரியை ஆராய்ந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு, சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் 1 விழுக்காட்டில் யாருமே பேசாத சொற்றொடர்களை அது முழுசாகக் கற்பனை செய்து எழுதியிருந்ததைக் கண்டது. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டு, இடையிடையே நெடுநேரம் நின்று பேசுகிறவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. மனித உதவியாளரும் பிழை செய்வார். காதில் விழாததை விட்டுவிடுவார், 'புரியவில்லை' என்று குறித்து வைப்பார். ஒருவர் வாயடைத்து நிற்கும் இடத்தில் இல்லாத பேச்சை அவர் எழுதி வைப்பது அபூர்வம்.

தமிழில் இந்தக் கருவிகளைக் கையாளுகிறவர்களுக்குத் தனித் தலைவலிகள் உண்டு. விஸ்பரைப் பழக்கிய 6,80,000 மணி நேர ஒலியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். மற்ற மொழிகள் அத்தனைக்கும் சேர்த்து, பேசிய மொழியிலேயே எழுத்தும் உள்ள பகுதி 1,17,000 மணி நேரம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பேச்சறிதல் மாதிரிகளை உருவாக்கி வெளியிட்டு வருவதால் நிலைமை தேறுகிறது. ஆனால் நான் சொல்ல வருவது சரியாகக் கேட்கிறதா என்பதைப் பற்றியல்ல, எழுத்தும் ஒலியும் ஒட்டி நிற்கின்றனவா என்பதைப் பற்றி. "நேத்தே போயிட்டாருன்னு சொன்னாங்க" என்று ஒருவர் பேசுகிறார். இயந்திரம் படித்த பிள்ளையாக அதை "நேற்றே போய்விட்டார் என்று சொன்னார்கள்" என்று எழுதித் தருகிறது. பொருள் சரி. வசனவரிக்கும் பொருத்தம். நான் 'என்று சொன்னார்கள்' என்பதை அழித்து, முன்பாதியை மட்டும் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். ஒலியில் 'என்று' தனியாக எங்கே இருக்கிறது? 'போயிட்டாருன்னு' என்று ஒரே வழிசலாக ஓடியதன் வால் அது. வெட்டினால் ஒன்று 'ன்' ஒட்டிக்கொண்டு தொங்கும், இல்லையேல் 'ரு' பாதியில் அறுபடும். ஆகவே எடிட் செய்வதற்கான தமிழ் எழுத்துப் படி பேச்சுத் தமிழில், வாயில் வந்தபடியே இருக்க வேண்டும். பார்வையாளருக்கான வசனவரி வேறு படி. பழைய உதவியாளர்கள் வாயில் வந்தபடியே எழுதியது சோம்பலால் என்று முதலாளிகள் நினைத்திருக்கக்கூடும்.

தயக்கச் சொற்களை மொத்தமாகக் களையும் வசதியைத் தமிழில் யாராவது துணிந்து அழுத்தினால் விபரீதம்தான். நம் பேச்சில் 'வந்து' என்பது பாதி நேரம் தொண்டையைக் கனைத்துக்கொள்வதற்குச் சமம். "நான் வந்து அவர்கிட்ட சொன்னேன்" என்பதில் பேசியவர் நேரில் வந்தாரா, வெறுமனே இழுத்தாரா என்பது குரலின் இறக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று, வாக்கியத்தின் அமைப்பு. ஆங்கிலத்தில் முடிவைச் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பின்னால் நீட்டுவார்கள், எடிட்டர் வாலை நறுக்கிவிடலாம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் வாலில் கைவைத்தால் வாக்கியமே சரிந்துவிடும். தலையைத்தான் குறைக்க வேண்டும். போய், பார்த்து, கேட்டு, திரும்பி வந்து என்று ஒரு நிமிடம் முற்று இல்லாமல் பேசுகிற பாட்டிகளிடம் அதுவும் நடக்காது. இயந்திரம் தன் ஊகத்தில் வைத்த முற்றுப்புள்ளியை நம்பி வெட்டினால் அவர் குரல் அந்தரத்தில் நிற்கும். இந்த இடங்களில் அலைவடிவத்தைப் பார்த்து, காதால் கேட்டு, கையால் வெட்டுவதைத் தவிர வேறு வழி இப்போதைக்கு இல்லை.

அடுத்து நேர்மை. எழுத்துப் பக்கத்தில் இரண்டு வாக்கியங்களை நெருக்கி வைப்பது மிகச் சுலபம். அவற்றுக்கு நடுவே எவ்வளவு காலம் கிடந்தது என்பது பக்கத்தில் தெரியாது. 2024 அக்டோபரில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சி, 2021 ஜனவரி 6 அன்று டொனால்ட் டிரம்ப் ஆற்றிய உரையில் 50 நிமிடத்துக்கும் மேல் இடைவெளியுள்ள பகுதிகளை ஒரே மூச்சில் சொன்னதுபோல் சேர்த்துக் காட்டியது. அது வெடித்து, 2025 நவம்பரில் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவர் டெபோரா டர்னஸும் பதவி விலகினார்கள். எந்தக் கருவியில் ஒட்டினார்கள் என்பது இங்கே பொருட்டல்ல; டைம்லைனிலும் இதைச் செய்யலாம், பிலிமிலும் செய்யலாம். ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் சொல் சொல்லாகப் பொறுக்கி ஒருவரைப் பேசவைக்கும் வேலைக்கு 'பிராங்கன்பைட்' என்று தொழிலில் பெயரே உண்டு. முன்பு அதற்குப் பொறுமை வேண்டியிருந்தது. இப்போது வேண்டியதில்லை. புதிய கருவிக்கு ஆதரவாக ஒன்றும் சொல்ல வேண்டும்: டிஸ்கிரிப்டில் நீக்கிய வரிகளை அழிக்காமல், குறுக்குக் கோடு போட்டு அதே பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம். எதை விட்டோம் என்பதை மேற்பார்வையிடுகிறவர் ஒரே பார்வையில் படித்துவிடலாம். பேப்பர் எடிட்டில் வெட்டி எறிந்த துண்டுகள் குப்பைக்கூடையோடு போய்விட்டன.

இதுவரை நாம் பேசியது கழிக்கும் வேலை. கூட்டும் வேலையில்தான் இரண்டு முறைகளும் முழுதாகப் பிரிகின்றன. 2016இல் அடோபி 'வோகோ' என்ற ஒன்றை மேடையில் காட்டியது. எழுத்தில் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் பேசியவரின் குரலிலேயே அது ஒலிக்கும். அரங்கம் ஆர்ப்பரித்தது, வெளியே அச்சம் எழுந்தது, அது விற்பனைக்கு வரவேயில்லை. 2019இல் டிஸ்கிரிப்ட் மாண்ட்ரியாலைச் சேர்ந்த 'லயர்பேர்ட்' நிறுவனத்தை வாங்கி, அதே வித்தையைப் பேசுபவரின் சம்மதப் பதிவு வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்ட், மாக்ஸ் பிளாங்க், பிரின்ஸ்டன், அடோபி ஆய்வாளர்கள் சேர்ந்து, எழுத்தைத் திருத்தினால் பேசுபவரின் உதடும் அதற்கேற்ப அசையும் முறையைக் காட்டினார்கள். வெட்டிய இடத்தில் படம் குதிக்கும் ஜம்ப் கட்டை மறைக்க, பி-ரோல் என்னும் துணைக்காட்சிகளைத் தேடி அலைந்த எடிட்டருக்கு இது வரம் போலத் தெரியும்.

சம்மதம் வாங்க ஆள் உயிரோடு இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி 2021இல் வந்தது. சமையல்கலைஞரும் எழுத்தாளருமான ஆந்தனி போர்டெய்ன் 2018இல் இறந்தார். அவரைப் பற்றி மார்கன் நெவில் எடுத்த 'ரோட்ரன்னர்' ஆவணப்படத்தில் சில வரிகள், போர்டெய்ன் எழுதியவை, ஒருபோதும் வாய்திறந்து சொல்லாதவை, செயற்கையாக உண்டாக்கிய அவர் குரலில் ஒலித்தன. படத்தில் அது தெரிவிக்கப்படவில்லை. இயக்குநர் பேட்டிகளில் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. வரிகள் அவருடையவைதானே என்று ஒரு பக்கம் வாதாடினார்கள். எனக்கு அந்த வாதம் ஏறவில்லை. மின்னஞ்சலில் ஒரு நண்பருக்கு எழுதும் வரியை மனிதர் எந்த மூச்சில், எந்த வேகத்தில் சொல்லியிருப்பார், சொல்லத்தான் செய்திருப்பாரா என்பதை அந்தக் குரல் தானாக முடிவு செய்துவிட்டது. பேப்பர் எடிட் காலத்தில் இந்த வழக்கே எழ வாய்ப்பில்லை. தாளில் யாராவது ஒரு வரியைக் கூடுதலாகத் தட்டச்சு செய்திருந்தால், அதற்குரிய டேப்பைத் தேடி அலமாரிக்குப் போன உதவியாளர் வெறுங்கையோடு திரும்பி வந்து, டைம்கோட் எங்கே என்று கேட்டிருப்பார்.